சூனியக்காரி வழக்குக்கு வாதாடுற கேம்: லேட்டன் வெர்சஸ் ஃபீனிக்ஸ் ரைட்

மந்திரம் இருக்குற உலகத்துல துப்பறியுற கதை எடுபடாதுன்னு நிறைய பேர் சொல்லுவாங்க, ஏன்னா எதைக் கேட்டாலும் "மந்திரம் போட்டாங்க, நடந்துச்சு"ன்னு சொல்லி முடிச்சிடலாமே. ப்ரொஃபசர் லேட்டன் வெர்சஸ் ஃபீனிக்ஸ் ரைட் ஏஸ் அட்டர்னி விளையாடிப் பாருங்க, அது தப்புன்னு முதல் பெரிய வழக்கு முடியுறதுக்குள்ளயே தெரிஞ்சிடும். நிண்டெண்டோ 3டிஎஸ்ங்குற கையடக்க கன்சோல்ல மட்டும் வந்த கேம் இது, ஜப்பான்ல 2012 நவம்பர்ல, இங்கிலீஷ்ல 2014ல. லெவல்-5 கம்பெனியும் கேப்காமும் சேந்து செஞ்சது, கதை எழுதினது ஏஸ் அட்டர்னிங்குற வக்கீல் கேம் வரிசையை ஆரம்பிச்ச ஷூ டகுமி. இந்த மழை சீசன்ல கோத்தகிரில நானும் அக்காவும் ஒரே கன்சோலை மாத்தி மாத்தி வாங்கி முழுசா முடிச்சோம். அக்கா குன்னூர் கோர்ட்டுல ஜூனியரா இருக்கு, அதனால இந்த ரிவ்யூல பாதி அது சொன்னது தான்.

கதை இது தான். லண்டன்ல எஸ்பெல்லான்னு ஒரு பொண்ணு, அவ கையில ஒரு பழைய புத்தகம். அந்தப் புத்தகம் வழியா புதிர் அவிழ்க்குற ப்ரொஃபசர் லேட்டனும் அவரோட சிஷ்யன் லூக்கும் ஒரு பக்கம், வக்கீல் ஃபீனிக்ஸும் அவருக்கு உதவியா இருக்குற மாயாவும் இன்னொரு பக்கம், லாபிரிந்தியாங்குற ஊருக்குப் போய் சேருறாங்க. மதில் சுவரு, கல்லு வீதி, கவசம் போட்ட வீரர்கள், ராத்திரி ஆனா வெளிய வர பயப்படுற ஜனம். அந்த ஊர்ல கதைசொல்லின்னு ஒருத்தர் இருக்காரு, அவர் எழுதினது அப்படியே நடக்கும், ஊர்வலமா வந்து எழுதின தாளை ஜனங்களுக்குக் குடுத்துட்டுப் போவாரு, ஜனமும் அதை விதின்னு ஏத்துக்கும். அங்க சூனியக்காரின்னு தீர்ப்பானா இரும்புக் கூண்டுல வெச்சு நெருப்புக் குழில இறக்கிடுவாங்க. ஃபீனிக்ஸ் அங்க போய் முழிக்கும்போது தான் வக்கீல்னே ஞாபகம் இல்லாம பேக்கரில வேலை பாத்துட்டு இருப்பாரு, அந்தப் பகுதி எனக்கு ரொம்பப் பிடிச்சுது.

பகல்ல லேட்டனோட ஊரைச் சுத்தி புதிர் அவிழ்க்கணும், வழக்கு வந்தா ஃபீனிக்ஸா கோர்ட்டுல நிக்கணும். புதிர்கள் சுமார் தான், லேட்டன் தனியா வந்த கேம்கள்ல இருந்த கஷ்டம் இதுல இல்ல. விஷயமே கோர்ட்டு தான்.

கோர்ட்டுல ஆதாரங்களோட ஒரு மந்திரப் புத்தகமும் சேந்து இருக்கும். எந்த மந்திரம் என்ன செய்யும், அதைச் சொல்ல கையில என்ன வேணும், எதைச் செய்ய முடியாது, எல்லாம் அதுல இருக்கு. மந்திரக்கோல் வேணும், அதுல அதுக்கான கல்லு வேணும், மந்திரத்தை வாய் விட்டுச் சொல்லணும். அப்போ சாட்சி "இவ நெருப்பு மந்திரம் போட்டதைப் பாத்தேன்"னு சொன்னா நம்ம கேக்குற கேள்வி என்ன? கோல் எந்தக் கையில இருந்துச்சு, எங்க நின்னா, நீ நின்ன இடத்துல இருந்து அது தெரியுமா, சொன்னது காதுல விழுந்துச்சா. சாதாரண கொலை வழக்குல கத்தியைப் பத்திக் கேக்குற கேள்விகள் தான் இதெல்லாம்! சுவத்துல வழி திறக்குற மந்திரம் ஒண்ணு இருக்கு, அது இருக்குற ஊர்ல பூட்டுன அறைக்குள்ள நடந்த குத்தம்னு ஒண்ணை எப்படி வாதாடுறதுன்னு யோசிச்சுப் பாருங்க. நாங்க ராத்திரி சாப்பாடு ஆறுற வரைக்கும் அதைப் பத்தி சண்டை போட்டோம். மந்திரத்துக்கு ரூல்ஸ் எழுதி வெச்சிருக்கறதால கதைல ஓட்டையே விழல, அந்த ரூல்ஸே நமக்கு ஆயுதமா வருது.

அடுத்தது குறுக்கு விசாரணை. இந்த கேம்ல சாட்சிகள் ஒருத்தர் ஒருத்தரா வர மாட்டாங்க, சாட்சிக் கூண்டுல ரெண்டு மூணு பேரு, சில சமயம் ஒரு கும்பலே வந்து நிக்கும். ஒருத்தர் பேசும்போது பக்கத்துல நிக்குறவர் முகம் மாறும், அதைக் கவனிச்சு அவரைப் பிடிச்சு "இப்ப ஏன் திடுக்கிட்டீங்க"ன்னு கேக்கணும். அக்கா இதைப் பாத்துட்டு, நம்ம கோர்ட்டுல இதுக்கு நேர் எதிர்னு சொல்லுச்சு, ஒருத்தர் சொல்றதை இன்னொருத்தர் கேட்டு அதே மாதிரி சொல்லிடக் கூடாதுன்னு சாட்சிகளை வெளிய உக்கார வெச்சு ஒவ்வொருத்தரா தான் கூப்பிடுவாங்களாம். கும்பலா நிக்க வெச்சா கும்பல் பேச்சு தான் வரும், அந்த ஊர் கோர்ட்டு எவ்வளவு கோளாறுன்னு இதுலயே காட்டிட்டாங்க, ஆனா அதே கோளாறுல இருந்து தான் நமக்கு வழியும் கிடைக்குதுன்னு அக்கா சொன்னப்போ எனக்கு கேம் மேல மரியாதை இன்னும் ஏறிடுச்சு.

இன்னொரு காரணத்துக்காகவும் நம்ம பக்கத்து ஆளுங்க இதை விளையாடணும்னு சொல்றேன். சூனியம் வெச்சான்னு சொல்லி ஆளைக் கொல்றது நீலகிரிக்குக் கதை கிடையாது. வெள்ளைக்காரன் காலத்துப் பதிவுகள்ல இருக்கு, 1835ல மட்டும் இங்க இருக்குற பழங்குடி ஜனமான குறும்பர்கள்ல 48 பேரை மந்திரவாதிங்கன்னு சொல்லி கொன்னிருக்காங்க, 1875லயும் 1882லயும் திரும்ப நடந்திருக்கு. 1900ல ஒரு குறும்பர் குடும்பத்தையே தீத்துட்டாங்க, அந்தக் குடும்பத் தலைவர் மருந்து குடுக்குறவர், ஊர்ல வந்த நோவுக்கும் சாவுக்கும் அவர் தான் காரணம்னு நம்பிட்டாங்க. சுத்துப்பட்டு ஜனம் முழுக்க கொன்னவங்க பக்கம் நின்னதால குத்தவாளிகளைக் கண்டுபிடிக்கவே முடியாம, வழக்குல பிடிச்சவங்களும் விடுதலை ஆயிட்டாங்க. அந்தக் குடும்பத்துக்காக "நீ பாத்தியா, எங்க நின்னு பாத்த"ன்னு ஒரு கேள்வி கேக்க யாரும் இல்ல. கேம்ல கூட்டம் "எரிங்க எரிங்க"ன்னு கத்தும்போது ஃபீனிக்ஸ் தனியா மேசையில கையை அடிச்சு நிப்பாரு பாருங்க, அந்த இடத்துல எனக்கு இது தான் ஞாபகம் வந்துச்சு, ரெண்டு நிமிஷம் கன்சோலை மூடி வெச்சுட்டேன்.

குறையும் இருக்கு. கடைசி பகுதில எல்லா முடிச்சையும் அவிழ்க்குறேன்னு பக்கம் பக்கமா விளக்கம், அதுல சிலது நம்புறதுக்கு ரொம்பவே கஷ்டம். வழக்குகள்ல அவ்வளவு கறாரா ஆதாரம் கேட்ட கதை, முடிவுல மட்டும் நம்மளை "சரி விடுங்க, நம்புங்க"ன்னு சொல்ற மாதிரி ஆயிடுச்சு, இதுல எனக்கு நிஜமாவே வருத்தம். அப்புறம் சில இடத்துல பதில் மனசுல தெரிஞ்சாலும் எந்த வாக்கியத்துல எந்த ஆதாரத்தைக் காட்டணும்னு கேம் நினைச்சிருக்கோ அதையே பிடிக்கணும். அதுக்கு ஒரு வசதி, ஊர் சுத்தும்போது சேத்த, துப்பு வாங்க உதவுற குறிப்பு நாணயத்தைக் கோர்ட்டுலயும் செலவு பண்ணலாம், அதனால மாட்டிக்கிட்டு நிக்க வேண்டியதில்ல. இங்கிலீஷ் வசனம் ரொம்ப ரொம்ப அதிகம், படிக்கப் பிடிக்காதவங்களுக்கு இது ஆகாது. நடுவுல வர்ற அனிமேஷன் காட்சிகள் போன்ஸ் ஸ்டூடியோ செஞ்சது, சின்ன ஸ்க்ரீன்லயும் அருமையா இருக்கு. பாட்டு இசையைப் பத்தி சொல்லணும்னா ஹெட்ஃபோன் போட்டு விளையாடுங்க, அவ்வளவு தான்.

நம்ம மலைல ஜூன் ஜூலைல கரண்டும் நெட்டும் எப்ப வரும் எப்ப போகும்னு தெரியாது, கார்ட்ரிட்ஜ்ல ஓடுற கேமுக்கு நெட்டே வேண்டாம், சார்ஜ் போட்டு வெச்சா போதும்.

வாங்குறவங்க கவனிக்க வேண்டியது: 3டிஎஸ் ஆன்லைன் கடையை 2023 மார்ச்ல மூடிட்டாங்க, புதுசா டவுன்லோட் வாங்க முடியாது, செகண்ட் ஹேண்ட் கார்ட்ரிட்ஜ் தான் வழி. 3டிஎஸ்ல ரீஜன் லாக் உண்டு, ஐரோப்பா கார்ட்ரிட்ஜ் அமெரிக்கா கன்சோல்ல ஓடாது, அதனால விக்கிறவர்கிட்ட கன்சோல் எந்த ஊருது கார்ட்ரிட்ஜ் எந்த ஊருதுன்னு ரெண்டையும் கேட்டு, முடிஞ்சா ஆன் பண்ணிக் காட்டச் சொல்லி வாங்குங்க. வேற எதுலயும் இந்த கேம் வரல, வந்திருக்கணும். கன்சோல் கிடைக்கவே இல்லன்னா அதே ஷூ டகுமியோட தி கிரேட் ஏஸ் அட்டர்னி க்ரானிக்கிள்ஸ் 2021ல பிசிக்கும் ஸ்விட்ச்சுக்கும் பிஎஸ்4க்கும் வந்திருக்கு. அதுல மந்திரம் கிடையாது, ஆனா சாட்சிகளை ஒண்ணா நிக்க வெச்சு முகத்தைப் பாத்து மடக்குற அந்த முறை அதுலயும் இருக்கு, நாங்க இப்ப அதைத் தான் ஆரம்பிச்சிருக்கோம்.