உரம் சலிக்கும் இயந்திரத்துக்கு மோட்டார் தேடுவோர் கவனத்துக்கு: என் 9,800 ரூபாய் போன விதம்

வீட்டுத் தோட்டத்து மட்கு உரத்தைச் சலிக்க மோட்டார் வைத்த சல்லடை ஒன்றைச் சொந்தமாகச் செய்துகொள்ள நினைப்பவர்கள், குறிப்பாக அதற்காகப் பழைய மோட்டாரும் கியர் பாக்ஸும் இணையத்தில் தேடிக்கொண்டிருப்பவர்கள், பணம் அனுப்புவதற்கு முன் இதை முழுவதும் படித்துவிடுங்கள். பழைய பொருட்களை விற்பதற்கும் வாங்குவதற்குமான செயலி ஒன்றில், "அரை எச்.பி., சிங்கிள் பேஸ், 1440 ஆர்.பி.எம்., முழு காப்பர் காயில், 60-க்கு 1 கியர் பாக்ஸுடன்" என்று போட்டிருந்த ஒருவரிடம் 9,800 ரூபாய் கொடுத்தேன். எனக்கு வந்த மோட்டாரின் வேகம் 1440 அல்ல, அதிலிருந்த காயில் காப்பரும் அல்ல. மோட்டாரின் மேல் ஒட்டியிருந்த தகடு வேறொரு மோட்டாருடையது. நேற்றுதான் மோட்டாருக்குக் காயில் கட்டும் வைண்டிங் கடையில் அதைப் பிரித்துப் பார்த்தோம். கை நடுக்கம் இன்னும் அடங்கவில்லை.

இதை ஏன் வாங்க வேண்டியிருந்தது என்பதைச் சொன்னால்தான் ஏமாற்றின் தன்மை புரியும். திருச்சிப் புறநகரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் சாணம், வேப்பிலை, காய்கறிக் கழிவு, உதிர்ந்த சருகு எல்லாம் சேர்த்துக் குவித்து உரம் தயாரிக்கிறோம். நன்றாக மட்கிய பிறகும் அதில் குச்சியும் தேங்காய் நாரும் மாங்கொட்டையும் கிடக்கும். கத்தரி, தக்காளி, மிளகாய் நாற்று விடுவதற்குக் குழித்தட்டில் போட வேண்டுமானால் உரம் பொடியாக இருந்தாக வேண்டும். ஆடிப்பட்டத்துக்கு முன் கைச்சல்லடையில் அவ்வளவையும் சலித்து முடிக்க என் அம்மாவுக்கும் எனக்கும் தோள்பட்டை ஒத்துழைக்கவில்லை. ஆகவே 2 அடி விட்டமும் 4 அடி நீளமும் உள்ள உருளைச் சல்லடை ஒன்றைத் திட்டமிட்டேன். முதல் பாதியில் 6 மி.மீ. கண்ணுள்ள ஜி.ஐ. வெல்டு மெஷ், அடுத்த பாதியில் 12 மி.மீ. கண்ணுள்ளது, நடுவே ஓர் இரும்பு ஷாஃப்ட், இரு முனையிலும் அதைத் தாங்கிச் சுழலவிடும் பிளம்மர் பிளாக், ஆங்கிள் சட்டத்தின் மேல் ஏறத்தாழ 5 பாகை சரிவு. மேல்முனையில் உரத்தைக் கொட்டினால் பொடி முதலில் விழும், அடுத்து நடுத்தரம் விழும், குச்சியும் கொட்டையும் கடைசி வாய் வழியாக வெளியேறும். எங்கள் ஊர்ப் பட்டறைக்காரர் இந்தச் சட்டத்தையும் உருளையையும் மிக நேர்த்தியாகச் செய்து கொடுத்தார். அவர் வேலையில் ஒரு குறையும் இல்லை.

இப்படிப்பட்ட உருளையில் எல்லாமே வேகத்தைப் பொறுத்தது. உருளை மெதுவாகச் சுற்றும்போது உரம் ஒரு பக்கமாக மேலேறி, சரிந்து விழுந்து, புரண்டு புரண்டு சலிபடுகிறது. வேகம் ஓர் எல்லையைத் தொட்டால் உரம் விழாமல் சுவரோடு ஒட்டிக்கொண்டே சுற்றத் தொடங்கிவிடும். அந்த எல்லையைக் கணக்கிட, உருளையின் விட்டத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தால் 42.3-ஐ வகுக்க வேண்டும். என் உருளை 0.6 மீட்டர் என்பதால் எல்லை நிமிடத்துக்கு 54 சுற்றுக்குச் சற்று மேல் வருகிறது. அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாக, 24 சுற்றில் ஓட்டுவது என்று முடிவு செய்தேன். 1440 சுற்று மோட்டாருக்கு 60-க்கு 1 கியர் பாக்ஸ் வைத்தால் மிகச் சரியாக 24 வருகிறது. ஆகவே "1440" என்ற அந்த எண் எனக்கு ஒரு விளம்பர வார்த்தை அல்ல. என் இயந்திரம் முழுவதும் அந்த எண்ணின் மேல்தான் கட்டப்பட்டிருந்தது. இதை விற்பவரிடம் தொலைபேசியில் வரிக்கு வரி விளக்கினேன். அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது என்பதுதான் இன்று என்னை எரிக்கிறது.

அவர் பேசிய விதத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் உங்களிடமும் அப்படித்தான் பேசுவார். "அக்கா, நானும் மாடித்தோட்டம் வச்சிருக்கேன், உரம் சலிக்கிற கஷ்டம் எனக்குத் தெரியும்" என்று தொடங்கினார். மண்புழு உரத்தைப் பற்றி விசாரித்தார். உருளைக்கு எவ்வளவு எடை வரும், ஒரே நேரத்தில் எத்தனை கூடை கொட்டுவேன் என்றெல்லாம் தாமாகவே கேட்டு, "அரை எச்.பி. தாராளமா போதும், கால் எச்.பி.யே இழுக்கும்" என்றார். அந்தக் கணிப்பு சரியானதுதான், ஆகவே விஷயம் தெரிந்தவர் என்ற எண்ணம் எனக்கு வந்தது. விலையில் நான் கேட்டபடி குறைக்கவில்லை. "காப்பர் காயில் அக்கா, இதுக்குக் கீழ கொடுத்தா எனக்குக் கட்டாது" என்றார். அந்த உறுதியே நம்பிக்கையைக் கூட்டியது. கியர் பாக்ஸின் வெளி ஷாஃப்ட்டில் ஒரு வெள்ளை டேப் ஒட்டி, மோட்டாரை ஓடவிட்டு, கடிகாரம் தெரியும்படி ஒரு நிமிடக் காணொளி அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். டேப் 24 முறை சுற்றியது. தகட்டை அண்மையிலிருந்து எடுத்த படமும் வந்தது. செயலியில் அவர் பெயருக்குப் பக்கத்தில் "சரிபார்க்கப்பட்ட விற்பனையாளர்" என்ற பச்சை முத்திரை வேறு இருந்தது. இதற்கு மேல் வேறென்ன கேட்க முடியும்? யூ.பி.ஐ. வழியாக 9,800 ரூபாய் அனுப்பினேன். லாரி பார்சலில் சரக்கு வந்து சேர்ந்தது. பார்சல் கூலி தனி, அதையும் நான்தான் கட்டினேன்.

பட்டறைக்காரர் வந்து கப்ளிங் போட்டுக் கொடுத்தார். வெறும் உருளை சுற்றும்போதே வேகம் கண்ணுக்கு உறுத்தியது. விளிம்பில் சாக்பீஸால் கோடு போட்டு எண்ணியபோது நிமிடத்துக்கு 48-ஐ ஒட்டி வந்தது. உரத்தைக் கொட்டினோம். சலிபட வேண்டிய உரம் பெரும்பாலும் மெஷ்ஷோடு அப்பிக்கொண்டு மேலே போய், உச்சியிலிருந்து எதிர்ச்சுவரின் மேல் மொத்தையாக அறைந்தது. பொடியும் குச்சியும் ஒன்றாகவே கடைசி வாய் வழியாகத் தெறித்தன. கூடையை வைத்துக்கொண்டு அந்த வாய்க்கு நேரே அம்மா நின்றிருந்தார். ஒரு மாங்கொட்டை அவர் முழங்கையில் வந்து பட்டது. உடனே நிறுத்திவிட்டோம். உரம் ஈரமாக இருந்திருக்குமோ என்று நிழலில் காயவைத்து மறுபடி முயன்றபோது, காயில் சூடேறும் வார்னிஷ் வாசனை வந்தது, சற்று நேரத்தில், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் வீட்டு ஆர்.சி.சி.பி. விழுந்தது. 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே விழும் அந்தக் கருவி எங்கள் வீட்டில் இருந்தது. அது இல்லாத வீட்டில், ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பவர் அந்தச் சட்டத்தைத் தொட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். 9,800 ரூபாய்க்காக ஒருவர் இதையும் செய்வார் என்பதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை.

வைண்டிங் கடைக்காரர் முதலில் மோட்டாரைக் கையில் தூக்கிப் பார்த்தே முகம் சுளித்தார். பிறகு மூடியைக் கழற்றினார். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 1440 சுற்று வேண்டுமானால் மோட்டார் நான்கு போல் (காந்த முனை) கொண்டதாக இருக்க வேண்டும், அதாவது ஓட்டக் காயில் நான்கு தொகுதியாக இருக்க வேண்டும். உள்ளே இருந்தவை இரண்டே தொகுதிகள். இரண்டு போல் மோட்டார் 2880-ஐ ஒட்டித்தான் ஓடும், சிறிய தண்ணீர்ப் பம்புகளில் இருப்பது அந்த வகை. எங்கிருந்தோ கழித்துப்போட்ட பம்பின் மோட்டார் இது என்பது அவர் கணிப்பு. அடுத்து, செம்பு நிறத்தில் பளபளத்த கம்பியைக் கத்தி முனையால் சுரண்டினார். உள்ளே வெள்ளையாக அலுமினியம் தெரிந்தது. மேலிருந்தது நிறமேற்றிய எனாமல் பூச்சு மட்டுமே. அலுமினியக் காயில் போட்டு விற்பது குற்றமல்ல, அதற்கென்று ஒரு விலை இருக்கிறது. ஆனால் அலுமினியம் செம்பின் அளவில் ஏறத்தாழ 60 விழுக்காடுதான் மின்சாரம் கடத்தும், அதைக் காப்பர் என்று சொல்லிக் காப்பர் விலை வாங்குவது திருட்டு. இன்சுலேஷனை அளக்கும் மெகர் கருவியை 500 வோல்ட்டில் வைத்துச் சோதித்தபோது, குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டிய இன்சுலேஷன் அதில் சிறு பங்குகூடக் காட்டவில்லை. தகட்டின் ரிவெட்டுகள் மட்டும் புத்தம் புதியவை, சுற்றியிருந்த பெயின்ட்டோ பழையது. வீட்டுக்கு வந்து அந்தக் காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். காணொளியில் ஓடும் மோட்டாரின் விசிறி மூடியில் வட்டத் துளைகள், எனக்கு வந்ததில் நீள்வரித் துளைகள். நான் கேட்டதற்காகவே ஒரு நல்ல மோட்டாரை ஓட்டிப் படம்பிடித்து அனுப்பி, அதன் தகட்டைக் கழற்றிக் கெட்ட மோட்டாரில் ஒட்டி அனுப்பியிருக்கிறார்.

அதன் பின் கேட்ட பதில்களையும் பதிவு செய்கிறேன். முதலில், "கண்டன்சர் மாத்துங்க அக்கா, சரியாயிடும்" என்றார். மோட்டார் கிளம்புவதற்கும் இழுப்பதற்கும்தான் கண்டன்சர் உதவும், இரண்டு போலை அது நான்காக்காது. அடுத்து, "உங்க ஏரியால வோல்டேஜ் சரியில்ல" என்றார். மின்னழுத்தம் குறைந்தால் மோட்டார் திணறும், சூடேறும், வேகம் இரண்டு மடங்காகாது. மூன்றாவதாக, "நடுவுல ஒரு புல்லி போட்டு வேகத்தைக் குறைச்சுக்குங்க, இதுக்குப் போய்ப் பணத்தைத் திருப்பிக் கேப்பாங்களா" என்றார். வைண்டிங் கடைக்காரரின் படங்களை அனுப்பிய பிறகு "அக்கா" என்று அழைப்பதும் நின்றது. "பழைய பொருள், பார்த்து வாங்கியிருக்கணும், ரிட்டன் கிடையாது" என்று ஒற்றை வரி வந்தது. அதோடு என் எண் தடுக்கப்பட்டது. வேறொரு எண்ணிலிருந்து என் தம்பி அழைத்தபோது, புதிய வாடிக்கையாளர் என்று நினைத்து, "சொல்லுங்கண்ணா, நானும் மாடித்தோட்டம் வச்சிருக்கேன்" என்று அதே பாடத்தைத் தொடங்கினாராம்.

செயலி நடத்துபவர்கள் இன்னும் மோசம். புகார் படிவத்தை நிரப்பியதும் இயந்திரத்தனமான நன்றிச் செய்தி ஒன்று வந்தது. பிறகு, "நாங்கள் இரு தரப்பையும் இணைக்கும் தளம் மட்டுமே, பணப் பரிமாற்றம் எங்கள் வழியாக நடக்கவில்லை" என்ற பதில் வந்தது. பணம் செலுத்தும் வசதியே வைத்திராத தளம், அந்த வசதி வழியாகச் செலுத்தவில்லை என்று கைகழுவுகிறது. அப்படியானால் அந்தப் பச்சை முத்திரை எதைச் சரிபார்த்தது என்று கேட்டேன், தொலைபேசி எண்ணை மட்டும் என்றார்கள். மக்கள் அந்த முத்திரையைப் பார்த்து எதை நம்புகிறார்கள் என்பது அதை வைத்தவர்களுக்குத் தெரியாதா? 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, இத்தகைய தளத்தின் குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். அந்த அலுவலரின் பெயரைக் கண்டுபிடிக்கவே அந்தச் செயலியில் பக்கம் பக்கமாகத் தேட வேண்டியிருந்தது. இப்போது அவருக்கே நேராக எழுதியிருக்கிறேன்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்து எண் வாங்கிவிட்டேன். தகட்டை மாற்றியது திட்டமிட்ட மோசடி என்பதால் இணையக் குற்றங்களுக்கான 1930-க்கும் சொல்லியிருக்கிறேன். பணம் திரும்பாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். "9,800 ரூபாய்க்காக இவ்வளவு அலைச்சலா" என்று உறவினர் ஒருவர் கேட்டார். ஆம், 9,800 ரூபாய்க்காகத்தான். அது வெண்டையும் கீரையும் விற்று அம்மா சேர்த்த பணம்.

வாங்குபவர்களுக்கு விரிவாக எழுத நினைத்தேன், மனம் ஓடவில்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். காணொளியை நம்பாதீர்கள். பழைய மோட்டாரானால் நேரில் போய், சுற்று அளக்கும் டேக்கோமீட்டர் உள்ள ஒருவரைக் கூட்டிக்கொண்டு, உங்கள் கண்முன்னே ஓட்டி அளந்த பிறகே பணம் கொடுங்கள். காயில் கம்பியைச் சுரண்டிப் பார்க்க விடாதவரிடம் வாங்காதீர்கள். மெகர் சோதனை இல்லாமல் எந்தப் பழைய மோட்டாரையும் ஈரமான தோட்டத்துக்குள் கொண்டுவராதீர்கள், எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும் இல்லாமல் அதை ஓட்டவே ஓட்டாதீர்கள். பேச்சுவார்த்தை, படம், பணம் அனுப்பிய ரசீது, பார்சல் சீட்டு எதையும் அழிக்காதீர்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே என் தம்பி செயலியைத் திறந்து காட்டினான். அதே ஆள், அதே பச்சை முத்திரை, வட்டத் துளை மூடியுள்ள அதே மோட்டாரின் படம், இம்முறை "மாவு மில்லுக்கும் உரச் சல்லடைக்கும் ஏற்றது" என்ற வரியோடு 10,500 ரூபாய்க்குப் போட்டிருக்கிறார். அந்தப் படம் உங்கள் கண்ணில் பட்டால் பணம் அனுப்பாதீர்கள்.