பிள்ளைகளுக்கு ஒரு நாளா, ஆசிரியருக்கு ஒரு தவணையா?

சிங்கப்பூரில் தொடக்கநிலை 3-இல் அறிவியல் பாடம் தொடங்குகிறது. அதைச் சுவையாக்க இரண்டு வழிகள். ஒன்று, ஜூரோங்கில் 1977-இல் திறந்த அறிவியல் நிலையத்துக்கு ஒரு நாள் சுற்றுலா. பிள்ளைகளின் கண் விரியும், சரி. மறுநாள் வகுப்பு பழையபடிதான்.

இன்னொன்று, ஆய்வாளர் ஒருவர் ஆசிரியரோடு ஒரு பள்ளித் தவணை முழுக்க உட்கார்ந்து பாடம் அமைப்பது. அப்படி நான் பார்த்த வகுப்பில், இருட்டு அலமாரியில் முளைத்த பச்சைப்பயறு வெளிறி, வெளிச்சத்தில் வளர்ந்ததைவிட நெட்டையாக நின்றது.

“வெயிலே இல்லாம ஏன் டீச்சர் உயரமாச்சு?”

“உனக்கு என்ன தோணுது?” என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார் ஆசிரியை. வெளிச்சத்தைத் தேடித்தான் தண்டு நீள்கிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிக்க இரண்டு பாடவேளை ஆனது. தேர்வு நெருக்கடியில் அந்த நேரம் கிடைப்பது கஷ்டம்தான். ஆனாலும் நான் கேட்பது இரண்டாவது வழியை. அடுத்த ஆண்டுப் பிள்ளைகளுக்கும் அதே ஆசிரியைதான் பாடம் எடுப்பார்.