கல்வி நிலையத்துக்கு வக்கீல்: உள்ளேயா, வெளியேயா?

சம்மன் வந்த பிறகு வக்கீலைத் தேடுவது பல கல்வி நிலையங்களின் பழக்கம். அப்போது கேட்பதும் ஒரே கேள்விதான்: கோர்ட்டில் நன்றாக வாதாடுவாரா? ஆனால் பள்ளிக்கும் கல்லூரிக்கும் சட்டம் தேவைப்படும் பெரும்பாலான நாட்களில் கோர்ட்டுக்கு வேலையே இல்லை. நியமன ஆணை, சுற்றுலாவுக்குப் பெற்றோரிடம் வாங்கும் சம்மதக் கடிதம், மென்பொருள் ஒப்பந்தம், காப்புரிமையில் பேராசிரியருக்கு எவ்வளவு பங்கு என்ற பேச்சு, எல்லாம் மேசையிலேயே முடிய வேண்டியவை.

ஓர் இடைநீக்க ஆணையை எடுத்துக்கொள்வோம். ‘ஒழுங்கீனமான நடத்தை காரணமாகத் தாங்கள் 10 நாட்களுக்கு நீக்கப்படுகிறீர்கள்.’ ஒரே வரி, கீழே முத்திரை. என்றைக்கு, எங்கே, என்ன செய்தார் என்று இல்லை. மாணவரிடம் விளக்கம் கேட்டதாகவும் இல்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1975-இல் கோஸ் எதிர் லோபஸ் வழக்கில் கை வைத்தது இங்கேதான். 10 நாள் வரையிலான நீக்கம் என்றாலும், அரசுப் பள்ளி குற்றச்சாட்டைச் சொல்லி மாணவர் தரப்பைக் கேட்டாக வேண்டும் என்றது. பெரிய விசாரணை எதையும் கேட்கவில்லை. நேரில் பேசி, அவர் சொல்வதைக் காதில் வாங்கினாலே போதும். சரி, அந்தக் கடிதம் வெளியே போகும் முன் எந்த வக்கீல் கண்ணில் படும்? என் ஒப்பீடு இதை வைத்துத்தான்.

கேஸுக்குக் கேஸ் அமர்த்தும் வக்கீல் அதை முதன்முதலில் பார்ப்பது எதிர்த்தரப்பு மனுவின் இணைப்பாக. வழக்கே இல்லாத ஆண்டில் இவர் மலிவுதான். வழக்கு வரும் ஆண்டிலோ, தடுத்திருக்கக்கூடிய தவறுக்கும் சேர்த்துக் கட்டணம் கட்டுவோம்.

ரிடெய்னர் முறையில், அதாவது மாதக் கட்டணத்துக்கு ஒரு சட்ட நிறுவனம், யாராவது அனுப்பினால் பார்ப்பார்கள். அந்த ‘அனுப்பினால்’தான் சிக்கல். ஒவ்வொரு அழைப்புக்கும் தனி பில் வந்தால் அலுவலகம் போனை எடுக்கவே யோசிக்கும். அதனால் கையெழுத்துப் போடும் முன் கறாராகக் கேளுங்கள்: மாதத்துக்கு எத்தனை மணி நேரம், மிஞ்சிய நேரம் அடுத்த மாதம் சேருமா, கோர்ட் செலவு தனியா? முதல் சந்திப்புக்குப் பெரியவர் வருவார். அப்புறம் எல்லாம் ஜூனியர்தான். அதில் தப்பில்லை, அந்த ஜூனியருக்குக் கல்விச் சட்டம் தெரிந்திருந்தால். அவசரத்துக்கு எடுப்பார்களா என்பதும் முக்கியம். 2018-இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதியின்படி, தனிநபர் தகவல் கசிந்தது தெரிந்த 72 மணி நேரத்துக்குள் மேற்பார்வை அமைப்புக்குச் சொல்ல வேண்டும்; ஆபத்தில்லாத கசிவுக்கு மட்டும் விலக்கு. கசிவு தெரிவது வெள்ளிக்கிழமை மாலையாக இருந்தால், திங்கட்கிழமை பார்க்கலாம் என்பவர் உதவமாட்டார்.

சம்பளத்துக்கு உள்ளேயே ஒரு சட்ட அலுவலர் இருந்தால் கதை வேறு. பதிவாளர் அறைக்கு மூன்றாவது கதவு அவருடையது. கடிதம் அவர் மேசை வழியாகவே போகும். எந்தத் துறைத் தலைவர் கோப்பைப் பூட்டி வைப்பார் என்பதுகூட அவருக்குத் தெரியும். ஆனால் அந்த நெருக்கமே ஆபத்தும்கூட. அவருடைய கட்சிக்காரர் நிறுவனம்தானே தவிர துணைவேந்தர் அல்ல. இருவர் நலனும் மோதும் நாளில் சம்பளக்காரர் எந்தப் பக்கம்? ஐரோப்பிய நீதிமன்றம் 2010-இல் அக்சோ நோபல் வழக்கில், நிறுவனத்தின் சம்பள வக்கீலோடு நடந்த கடிதப் போக்குவரத்துக்கு வக்கீல்–கட்சிக்காரர் ரகசியப் பாதுகாப்பு கிடையாது என்றது. அது ஐரோப்பிய ஆணையத்தின் வணிகப் போட்டிச் சட்ட விசாரணைக்கான தீர்ப்பு. எல்லா நாட்டிலும் நிலை அப்படி இல்லை. ஆனாலும் தலைமை மீதே புகார் வந்தால் விசாரணையை வெளியாரிடம் கொடுப்பதே நல்லது.

இன்னும் இரண்டு வழி உண்டு. காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் வக்கீல் இழப்பீட்டு வழக்குக்குச் சரி. ஆசிரியர் பணிநீக்கத் தகராறு பாலிசிக்குள் வருகிறதா என்று முதலில் பாருங்கள். பல பள்ளிகள் சேர்ந்து ஒரே வக்கீலைப் பகிர்ந்துகொள்வது சிக்கனம்தான். அதில் இரு பள்ளிகளுக்குள்ளேயே சண்டை வந்தால் அவர் இருவருக்கும் ஆகாமல் போவார்.

என்னைக் கேட்டால், ஒற்றைப் பள்ளிக்கு மணி நேரக் கணக்கு தெளிவாக உள்ள ரிடெய்னர் போதும். விடுதி, ஆராய்ச்சி, பல நூறு ஊழியர் என்று விரிந்த பல்கலைக்கழகத்துக்கு உள்ளே ஒருவர் வேண்டும், வழக்காட மட்டும் வெளியே ஆள். யாரை எடுப்பதானாலும் நேர்காணலில் அந்த ஒற்றை வரி ஆணையை அவர் கையில் கொடுத்துப் பாருங்கள். “கேஸ் போடட்டும் சார், பார்த்துக்கலாம்” என்பவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடலாம். “பையன் என்ன சொன்னான்?” என்று கேட்பவரிடம் அடுத்துச் சம்பளம் பேசலாம்.