மாதம் ஒரு கருப்பொருள்: மரக்கடைசல் குழுவின் சவால்களில் மூன்று ஆண்டுகள்

லேத் இயந்திரத்தில் சுழலும் மரத்தை உளியால் வடிவமைக்கும் மரக்கடைசலைத் தனியாகப் பழகிய முதல் இரண்டு ஆண்டுகளில் நான் பெரும்பாலும் கிண்ணங்களையே கடைந்தேன். வளைவு சற்றுப் பிசகினாலும் கிண்ணம் கிண்ணமாகவே இருக்கும்; அதை யாரும் அளந்து பார்ப்பதில்லை. என் கைத்திறன் ஒரே இடத்தில் நின்றுபோனதற்கு அந்த வசதியே காரணம் என்பது, மாதம் ஒரு கருப்பொருள் கொடுத்து உறுப்பினர்கள் அனைவரையும் கடையச் சொல்லும் ஒரு குழுவில் சேர்ந்த பின்னரே எனக்கு விளங்கியது. சேர்ந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை 29 சவால்களை முடித்திருக்கிறேன்.

முதலில் வந்தது பம்பரம். கையகல மரத்துண்டு போதும், ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும். ஆனால் அதன் முனை அச்சுக்கு நேராக அமையாவிட்டால் பம்பரம் தள்ளாடி விழுந்து, குறையைத் தானே சொல்லிவிடும். புதிதாக வருபவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

‘ஒன்றுபோல் மூன்று’ என்ற சவால் என்னை மிகவும் திணறடித்தது. மூன்று சிறு தூண்களும் ஒரே வடிவில் இருக்க வேண்டும். கண் மதிப்பை நம்பிக் கடைந்த முதல் தொகுப்பில், ஒரு தூணில் பாசிமணிபோல் உருண்ட மேடு மற்றவற்றைவிட ஒன்றரை மில்லிமீட்டர் தடித்திருந்தது. வரிசையாக நிறுத்தியதும் எல்லோர் பார்வையும் அங்கேதான் சென்றது. மேடு, பள்ளங்களின் இடங்களை ஓர் அளவுக்குச்சியில் குறித்து, அதை மரத்தில் பதித்து, பள்ளம் வெட்டும் குறுகிய பார்ட்டிங் உளியாலும், தடிமனை அளக்கும் கவைபோன்ற காலிப்பராலும் முதலில் ஆழங்களை நிறுத்திவிட்டு, பிறகே வளைவுகளை இணைக்க வேண்டும் என்ற ஒழுங்கை அந்த மாதத்தில்தான் கற்றேன்.

இவை எல்லாவற்றிலும் மேலானதாக நான் மதிப்பது, மணல்தாளைத் தொடாமல் ஒரு பொருளை முடித்துக் காட்டும் சவால். அதுவரை ஸ்க்யூ எனப்படும் சாய்முனை உளியை அச்சத்தால் ஒதுக்கியே வைத்திருந்தேன்; அதன் நீள்முனை சுழலும் மரத்தில் சிக்கினால், நொடியில் திருகுபோல ஆழமாகக் கீறிவிடும். உளியின் தீட்டிய சரிவு மரத்தின் மீது படிந்திருக்க, கூர்விளிம்பின் கீழ்ப்பாதி மட்டுமே வெட்ட வேண்டும்; தடித்த பகுதியிலிருந்து மெலிந்த பகுதியை நோக்கியே உளி நகர வேண்டும், அப்போதுதான் வெட்டுப்படும் நாரை அதன் அடியிலுள்ள நார் தாங்கும். இவை எனக்கு முன்பே தெரிந்த விதிகள்தாம். ஆயினும் மணல்தாள் இல்லை என்றானபோதுதான் கை அவற்றுக்குக் கீழ்ப்படிந்தது. நாளுக்கு ஒருமுறை சாணை பிடித்த நான் இப்போது சில நிமிடங்களுக்கு ஒருமுறை பிடிக்கிறேன். சொரசொரப்பான 80ஆம் எண் மணல்தாளில் தொடங்கிய மெருகு வேலை இப்போது நயமான 220இல் தொடங்குகிறது.

குறைகளும் உண்டு. மரம் காய்வதற்கு மாதக்கெடு போதாது. பச்சை மரத்தில் கிண்ணம் கடைந்தால், சுவரை விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு தடிமனாக விட்டு, பல மாதங்கள் உலர்த்தி, மீண்டும் கடைவதே முறை. மரம் ஆண்டு வளையங்களின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிநோக்கிய ஆரத்தின் போக்கில் சுருங்குவதைப் போல ஏறத்தாழ இரு மடங்காக இருப்பதால், வட்டம் நீள்வட்டமாகிவிடும். அரைகுறையாக உலர்ந்த மரத்தில் நான் கடைந்த சிமிழின் மூடி, காட்சிக்கு வைத்த நாளில் திறக்கவே மறுத்தது. அதன் பிறகு கருப்பொருள்களை ஆறு மாதம் முன்னதாகவே அறிவிக்கிறார்கள்; பாதிச் சிக்கல் அதனால் தீர்ந்தது.

கெடுவின் அவசரம் பாதுகாப்பையும் தின்றுவிடக் கூடும். மரப்பட்டையை விளிம்பாக விட்டுக் கடையும் சவாலில் பட்டை தெறித்து என் முகக்கவசத்தில் மோதியது. கவசம் அணியாமல் லேத்தின் முன் யாரும் நிற்கக் கூடாது. லேத்தின் வேகத்தைப் பொறுத்தவரை, அங்குலக் கணக்கில் மரத்தின் விட்டத்தையும் நிமிடச் சுழற்சியையும் பெருக்கினால் 6,000க்கும் 9,000க்கும் இடையில் வர வேண்டும் என்பது கடைசல்காரர்களின் கணக்கு. அதன்படி 10 அங்குலக் கிண்ணத்துக்கு 600 முதல் 900 சுழற்சிகள் வரும். சமநிலையற்ற கட்டையை அதற்கும் குறைந்த வேகத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

‘பரிசு’, ‘பருவம்’ போன்ற தளர்ந்த கருப்பொருள்களால் நான் எதையும் கற்கவில்லை. அவரவர் வழக்கமாகக் கடைவதையே அந்த மாதங்களில் கொண்டுவந்தோம். உளியைப் பிடிக்கவே தெரியாதவர்கள், அடிப்படை வெட்டுகளை ஒருவரின் அருகில் நின்று பழகிய பிறகு இதில் சேர்வதே நல்லது.

சென்ற ஆண்டு, முடித்த கிண்ணத்தை நடுவே அறுத்துக் காட்டச் சொன்னார்கள். எனக்கு மிகவும் பிடித்த கிண்ணத்தை வாளின் கீழ் வைக்க மனம் வரவில்லை, இருந்தும் அறுத்தேன். விளிம்பில் 6 மில்லிமீட்டராக இருந்த சுவர், அடியை நோக்கி வளையும் இடத்தில் 14 ஆகத் தடித்திருந்தது. வெளியிலிருந்து தடவிப் பார்த்தபோது அது எனக்குத் தெரியவே இல்லை. அந்தப் பாதிக் கிண்ணத்தை லேத்துக்கு மேலேயே மாட்டி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு கிண்ணத்தின் உட்புறத்தையும் முடிக்கும் முன் அதை ஒருமுறை பார்த்துவிட்டே காலிப்பரை எடுக்கிறேன்.