லேசியஸ் நைஜரா, மிர்மிகா ரூப்ராவா?

முதன்முதலாக எறும்பு வளர்ப்பவர்களுக்கு லேசியஸ் நைஜர் என்ற கறுப்பு எறும்புதான் தோது. ராணி எறும்பை விடும் சோதனைக் குழாயில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், அதை அடைக்கப் பஞ்சு, வாயிலும் பஞ்சு, இருட்டு, போதும். இறக்கைத் தசையைக் கரைத்தே ராணி முதல் புழுக்களை வளர்த்துவிடும், இரை வேண்டாம். கூடு சீக்கிரம் பெருகட்டும் என்று சிலர் இரண்டு ராணிகளை ஒன்றாக விடுவார்கள். வேலைக்கார எறும்புகள் வெளிவந்த கையோடு சண்டை மூளும். மிஞ்சுவது ஒன்றுதான், அதுவும் சில சமயம் கால் இழந்து.

மிர்மிகா ரூப்ரா என்ற சிவப்பு எறும்பில் பல ராணிகள் ஒரே கூட்டில் முட்டையிடும். ஒன்று செத்தாலும் கூடு நிற்கும். நைஜரில் ராணி போனால் கூடும் போச்சு. ஆனால் ரூப்ரா ராணிக்குத் தொடக்கத்திலேயே தீனி வேண்டும்: ஒரு துளி தேன்நீர், நசுக்கிய பழ ஈ. ஈரம் காயக்கூடாது. கொட்டவும் செய்யும்.