ஐந்தாம் நாள் நின்ற மெஷின், ஆறாம் நாள் முடிந்த புகார்

வாஷிங் மெஷினின் வட்டக் கண்ணாடிக்குப் பின்னால் அப்பாவின் எட்டு முழ வேட்டி. அதன் பச்சைக் கரை கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு தெரிகிறது. மூன்றில் ஒரு பங்குக்குச் சோப்புத் தண்ணீர் நிற்கிறது. விளக்கு எரியவில்லை, எந்தப் பட்டனை அழுத்தினாலும் சத்தமில்லை, கதவும் திறக்கவில்லை. 2024 ஆகஸ்ட் 2, வெள்ளிக்கிழமை சாயங்காலம். மறுநாள் விட்டு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, ஆடி அமாவாசை.

நான் லண்டன் பக்கம் கிராய்டனில் பதினாறு வருடமாக இருக்கிறேன். ஊர் திருநெல்வேலி வண்ணார்பேட்டை. ஆடி அமாவாசைக்கு ஊரில் இருக்க வாய்த்தால் அப்பாவின் அந்த வேட்டியைக் கட்டிக்கொண்டுதான் பேராச்சியம்மன் கோயில் படித்துறையில் தர்ப்பணம் செய்வேன். பெட்டியில் கிடந்து பழுப்பேறிவிட்டதே, ஒரு அலசு அலசிவிடலாம் என்று அம்மாதான் புது மெஷினில் போட்டாள். கூடவே அவளுடைய இரண்டு வாயில் புடவைகள், என் மகனின் சட்டைகள்.

மெஷின் வந்து மாட்டி அன்றைக்கு ஐந்தாவது நாள்.

பழைய மெஷின் 2023 டிசம்பர் வெள்ளத்தில் போனது. அந்த வெள்ளத்தைப் பற்றி இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தாமிரவருணி வீட்டுக்குள் வந்து இடுப்பளவுக்கு நின்றது. பதினான்கு வருடம் ஓடிய மெஷின் சேறு குடித்து நின்றுபோனது. அதற்கப்புறம் ஏழு மாதம் அம்மா கையால்தான் துவைத்தாள். கேட்டால், "நான் படித்துறையில தொவைச்சவ தானய்யா, எனக்கு என்ன" என்பாள். உண்மைதான். சின்ன வயதில் அவள் பின்னால் வாளியைத் தூக்கிக்கொண்டு நான் போயிருக்கிறேன். 501 பார் சோப்பு, கல்லில் அடிக்கிற சத்தம், கடைசியாக நீலம் போட்ட வாளி, திரும்பி வரும்போது தோளில் ஈரத்துணியின் குளிர்ச்சி. ஆனால் அப்போது அவளுக்கு முப்பது வயது, இப்போது எழுபத்திரண்டு. அதனால்தான் வந்த முதல் வாரமே, ஆடித் தள்ளுபடியில், ஏழு கிலோ ஃப்ரண்ட் லோடு மெஷின் ஒன்றை வாங்கினேன். மேலே பெரிய ஸ்டிக்கர்: 'பத்து வருட வாரண்டி'. அது மோட்டாருக்கு மட்டும், மற்றதெல்லாம் இரண்டு வருடம்தான் என்பது வீட்டுக்கு வந்து அட்டையைப் படித்தபோதுதான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை இரவே கம்பெனி எண்ணுக்குக் கூப்பிட்டுப் புகார் கொடுத்தேன். பில்லில் அம்மாவின் எண் இருந்ததால் குறுஞ்செய்தி எல்லாம் அவளுடைய பட்டன் போனுக்குத்தான் வந்தது. சனிக்கிழமை காலையில் எள்ளும் தர்ப்பையும் வாங்க நான் டவுனுக்குப் போயிருந்த நேரத்தில் டெக்னீஷியன் வந்திருக்கிறார். திரும்பி வந்தபோது அம்மா திண்ணையில் முகம் சிவக்க உட்கார்ந்திருந்தாள். "உப்புத் தண்ணியாம்லய்யா! தாமிரவருணித் தண்ணியப் போயி உப்புத் தண்ணிங்கான்!"

முதலில் வோல்டேஜ் என்றாராம், ஸ்டெபிலைசர் போடவில்லையா என்றாராம். ஸ்டெபிலைசர் தேவையில்லை என்று அந்த மெஷினின் நெற்றியிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. அடுத்தது தண்ணீர். உப்புத் தண்ணீரில் போகப் போக ஹீட்டரில் காறை படியும், ஒப்புக்கொள்கிறேன். ஐந்து நாளிலா? அதுவும் பொதிகையில் பிறந்து பாபநாசம் வழியாக வருகிற தண்ணீரில்? கடைசியில் மெஷினை இயக்குகிற மின்னணு போர்டு போய்விட்டது, ஸ்பேர் வர வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கிறார். அதுவரைக்கும் சரி.

"போகையில ஒரு நம்பர் கேட்டாம்யா. போன்ல வந்திருக்கும், சொல்லுங்கம்மான்னான். சொன்னேன்."

போனை வாங்கிப் பார்த்தேன். மேலே நான்கு இலக்க ஓடிபி. அதற்குக் கீழே அடுத்த செய்தி, ஆங்கிலத்தில்: உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது. அதற்கும் கீழே, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேள்வி.

மெஷினைத் திரும்பிப் பார்த்தேன். வேட்டிக் கரை கண்ணாடியில் அப்படியே இருந்தது.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. மெஷின் பழுதானதற்கு இல்லை. போர்டு எங்கேயும் போகும். கிராய்டனில் எங்கள் வீட்டுப் பாத்திரம் கழுவும் மெஷின் வாங்கிய மூன்றாம் வாரம் நின்றுபோனது. பிரிட்டனில் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, பழுதான பொருளை 30 நாளுக்குள் கடைக்குத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் வாங்கிக்கொள்ளலாம். கம்பெனியைக் கேளுங்கள் என்று கடைக்காரர் தட்டிக்கழிக்க முடியாது. நான்காம் நாள் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். ஒருவரும் குரல் உயர்த்தவில்லை. இங்கே என் அம்மா, எழுத்துக் கூட்டி ஆங்கில எண்ணைப் படித்துச் சொல்லி, சரியாகாத மெஷினைச் சரியானதாக எழுதிக் கொடுத்திருக்கிறாள். அந்த எண் எதற்கு என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பிள்ளை கேட்கிறான், சொன்னாள். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை வேறு வேட்டி கட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போனேன். அப்பாவுடையதுதான், பாச்சா உருண்டை வாசம் அடித்தது. படித்துறையில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். தண்ணீர் தெளிவாக ஓடியது. குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்தேன். ஊர்த் தண்ணீரின் ருசி அப்படியேதான் இருந்தது.

திங்கட்கிழமை காலை கம்பெனிக்குக் கூப்பிட்டால், 'அந்தப் புகார் முடிந்துவிட்டது சார், புதிதாகக் கொடுங்கள்' என்றார்கள். கொடுத்தேன். ஸ்பேர் வர ஏழிலிருந்து பத்து வேலை நாள் ஆகும் என்றார்கள். எனக்கு 13ஆம் தேதி விமானம். அதைவிட, உள்ளே துணி மூன்று ராத்திரியாக ஊறுகிறது. மெஷின் பக்கம் போனாலே குளத்துப் பாசி நாற்றம்.

அப்புறம்தான் பக்கத்துத் தெரு மெக்கானிக் அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். மிக்ஸி, கிரைண்டர், மோட்டார் காயில் கட்டுவது என்று முப்பது வருடமாகச் செய்கிறவர். டிவிஎஸ் 50இல் வந்து இறங்கினார், கையில் ஒரு ரெக்சின் பை. மெஷினைப் பார்த்தார், வாரண்டி அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

"தம்பி, கதவைத் தொறந்து தாரேன். போர்டுல கை வைக்க மாட்டேன். நான் தொட்டேன்னு தெரிஞ்சா வாரண்டி கெடையாதுன்னுருவானுவ. ஒங்களுக்குத்தான் நஷ்டம்."

பிறகு கீழே வலது மூலையில் இருந்த சின்ன மூடியை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினார். அதற்குள் ஒரு வட்டத் திருகு, அதுதான் ஃபில்டர். பக்கத்தில் சுண்டுவிரல் தடிமனில் ஒரு கறுப்புக் குழாய். அம்மாவிடம் சருவச் சட்டி கேட்டார். குழாயின் முனையைப் பிடுங்கியதும் சாம்பல் நிறத்தில் தண்ணீர் கொட்டியது. சட்டி நிறைய நிறைய முற்றத்தில் கொண்டுபோய்க் கொண்டுபோய் ஊற்றினேன், ஆறு சட்டி. தண்ணீர் வடிந்ததும் அதே பொந்துக்குள் விரலை விட்டு ஒரு ஆரஞ்சு நிற நாடாவை இழுத்தார். 'டக்' என்று கதவு திறந்தது.

இவ்வளவுதான். கரண்ட் இல்லாவிட்டாலும், போர்டு போனாலும் கதவைத் திறப்பதற்காகவே அந்த நாடாவை வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை வந்தவருக்கும் இது தெரியாமல் இருந்திருக்காது. இரண்டு நிமிடம் செலவழித்துத் துணியை எடுத்துக் கொடுத்திருந்தால் அப்பாவின் வேட்டியோடு நான் ஆற்றுக்குப் போயிருப்பேன். ஸ்பேருக்குப் பத்து நாள் ஆகும் என்று சொன்னதைக்கூட மறந்துவிடுவேன், இதை என்னால் மறக்க முடியவில்லை.

அண்ணாச்சி நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். இருநூறு கொடுத்தேன், மீதியைக் கையில் திணித்துவிட்டுப் போனார். கிராய்டனில் ஒரு ஆள் வீட்டு வாசலை மிதிக்கவே தொண்ணூறு பவுண்டு எடுத்து வைக்க வேண்டும், அதுவும் அவருக்குத் தோதான நாளில். கூப்பிட்ட அரை மணி நேரத்தில் வந்து, தனக்கு வருமானம் வராது என்று தெரிந்தும் 'போர்டைத் தொட மாட்டேன், வாரண்டி போயிரும்' என்று நமக்காக யோசிக்கிற ஆளை நான் அங்கே இன்னும் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை யாரும் வரவில்லை. சாயங்காலம் செய்தி மட்டும் வந்தது: வாடிக்கையாளர் வீட்டில் இல்லை. காலையிலிருந்து நானும் அம்மாவும் மகனும் வீட்டை விட்டு நகரவில்லை. வாசல் கதவைக்கூடச் சாத்தவில்லை.

புதன்கிழமை கடைக்கே போனேன். "பெட்டியப் பிரிச்சாச்சு சார், இனிமே கம்பெனிதான் பாக்கணும்" என்றார் மேனேஜர். அங்கிருந்தே என் சித்தப்பா மகனுக்குப் போன் போட்டேன். அவன் பாளையங்கோட்டை கோர்ட்டில் வக்கீல். அவன் சொன்ன பிறகுதான் தெரிந்தது, லண்டனில் இருக்கிறது என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த 30 நாள் கணக்கு இங்கேயும் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(47). குறையுள்ள பொருளைப் பில்லில் போட்டிருக்கிற காலத்துக்குள், அப்படி எதுவும் போடவில்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். 2020 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட, பொருளின் விலை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணமே கிடையாது. சட்டம் இருக்கிறது, அதைக் கடையில் நின்று யாரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை.

மேனேஜரிடம் பில்லைக் காட்டினேன். அதில் காலம் எதுவும் போடவில்லை. பிரிவு எண்ணைச் சொன்னதும் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். கம்பெனியின் ஏரியா ஆளுக்கு அவரே போன் செய்தார். நான் கடை வாசலில் நின்றுகொண்டே 1915க்குக் கூப்பிட்டேன். அது தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். பேசிய பெண் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டார். ஓடிபி கதையைச் சொன்னபோது, "வேலை முடியாம ஓடிபி குடுக்காதீங்க சார்" என்றார். புகார் எண் உடனே வந்தது. இதை மனதார மெச்சுகிறேன்.

வியாழக்கிழமை கம்பெனியிலிருந்து அவர்களாகவே கூப்பிட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போர்டோடு ஆள் வந்துவிட்டார். எங்கேயிருந்து வந்தது என்று கேட்டேன். மதுரையிலிருந்து, ராத்திரி பஸ்ஸில் பார்சலாக. மூன்று மணி நேரத் தூரம்! பத்து வேலை நாள் ஆகும் என்று சொன்ன பொருள், இத்தனை நாளும் மதுரையில் ஒரு அலமாரியில் இருந்திருக்கிறது.

வந்தது சனிக்கிழமை வந்த அதே பையன்தான். இருபத்து மூன்று வயது இருக்கும். திட்டுவதற்கு நான் வார்த்தையெல்லாம் சேர்த்து வைத்திருந்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. மேல் மூடியைக் கழற்றி, ஒயர்களைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு, புது போர்டை இருபது நிமிடத்தில் மாட்டினான். கை சுத்தமான வேலைக்காரன். ஏன் அப்படி ஓடிபி வாங்கினாய் என்று மட்டும் கேட்டேன்.

"இருபத்து நாலு மணி நேரத்துல க்ளோஸ் பண்ணலன்னா எங்க காசுல பிடிச்சிருவாங்க சார். ஒரு நாளைக்குப் பதினோரு வீடு. ஸ்பேர் வராதது என் தப்பா சார்? அம்மாகிட்ட வாங்கினது தப்புதான்."

இதற்கு நான் என்ன சொல்ல? அவன்மேல் இருந்த கோபமெல்லாம் அந்தக் கணக்கைப் போட்டவர்கள்மேல் திரும்பியது. எத்தனை புகார் முடிந்தது என்று எண்ணுகிறார்கள், எத்தனை மெஷின் ஓடுகிறது என்று எண்ண ஆளில்லை. நான் பக்கத்தில் இருந்ததால், வக்கீல் தம்பி இருந்ததால், ஒரு வாரத்தில் முடிந்தது. இந்தத் தெருவில் மட்டும் என் அம்மாவைப் போலப் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருப்பவர்கள் ஆறேழு பேர். அவர்கள் வீட்டு மெஷின் நின்றால்?

அம்மா அவனுக்குக் காப்பியும் இரண்டு கை முறுக்கும் கொடுத்தாள். "தாமிரவருணித் தண்ணியில போட்ட காப்பி. உப்பு இருக்கான்னு சொல்லு" என்றாள். பையன் தலையைக் குனிந்துகொண்டு குடித்தான். மெஷினில் ஒரு ஈடு துணி முழுசாக ஓடி முடிந்து, கதவின் பூட்டு தானாகத் திறந்த பிறகுதான் ஓடிபி கொடுத்தோம்.

போன ஞாயிற்றுக்கிழமை கிராய்டனிலிருந்து அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். மெஷின் நன்றாக ஓடுகிறதாம். நடுவில் வாசலில் யாரோ கூப்பிட, போனைக் கையில் வைத்துக்கொண்டே போனாள். கேஸ் சிலிண்டர் கொண்டு வந்த தம்பி. அவரும் நம்பர் கேட்டார் போல. அம்மாவின் குரல் கணீரென்று கேட்டது:

"சிலிண்டர உள்ள கொண்டாந்து வச்சி, மாட்டி, பத்த வச்சிக் காட்டு. அதுக்கப்புறம் சொல்லுதேன்."