வெட்டிவேர் நாத்து, வாய்க்கா கரைக்கு தாராளமா வாங்கலாம்

திருவையாறு பக்கம் ஒரு நர்சரில வாங்கி குடமுருட்டி கரையில நட்டோம், மாடு ஆடு எறங்கி எறங்கி கரை சரிஞ்சு மண்ணெல்லாம் ஆத்துக்குள்ள போயிட்டு இருந்த எடம். தூர் பிரிச்சு, வேர் காயாம ஈரச்சாக்குல சுத்தி குடுத்தாங்க, நல்ல தரம். வேர் பக்கவாட்டுல ஓடாம நேரா கீழ 3 மீட்டர் வரைக்கும் எறங்கும், அதான் மண்ண அப்படி புடிச்சுக்குது. சரிவுக்கு குறுக்க வரிசையா அரைச்சாண் நெருக்கத்துல நடுங்க, மேட்டூர்ல வழக்கமா ஜூன் 12 தண்ணி தொறக்குறதுக்குள்ள வேர் புடிச்சிடணும், அதுவரை கைத்தண்ணி ஊத்தியே ஆகணும். குருத்து தழைக்கிற வரைக்கும் மாட்ட அந்தப்பக்கம் விடாதீங்க ப்ளீஸ். வயல்ல ஆட்டுக்கிடை போட வர்ற கீதாரி (ஆடு மேய்க்கிற) அண்ணன்கிட்டயும் சொல்லி, ஆடு தண்ணிக்கு எறங்க ஒரே ஒரு தடம் ஒதுக்கி குடுங்க, மத்த கரை தானா தேறும். வெல கொஞ்சம் ஜாஸ்தி தான், டெலிவரியும் கெடையாது, நாமளே வண்டி வச்சு எடுத்துட்டு வரணும்.